மச்சில் குடியேறிய மரநாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் வழியில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருக்கும் பழைய ஓட்டு வீடு. மரப்பலகையில் தட்டு போட்டு, அதற்கும் ஓட்டுக்கும் நடுவே மச்சு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த மச்சில் ஒரு மரநாய் குடியேறியது. அதை வெளியேற்ற அவசரப்பட்டு ஒரு பெரிய தவறும் செய்தோம், பிறகு நிதானமாகச் செய்து சரியாக்கினோம். அதிலிருந்து சொந்தக்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் மச்சில் சத்தம் கேட்டாலே எனக்குப் போன் போடுகிறார்கள். கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

ராத்திரி மேலே சத்தம் கேட்கிறது. மரநாய்தான் என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். மரநாய் இருட்டிய பிறகு கிளம்பி விடிவதற்கு முன் திரும்பும். அதனால் இரவு எட்டு ஒன்பது மணிக்கு ஒரு முறை, விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை என்று இரண்டு வேளை சத்தம் வந்தால் பெரும்பாலும் அதுதான். பகலில் ஓடு உருளும் சத்தம் கேட்டால் குரங்கு அல்லது அணில். ராத்திரி முழுக்க விடாமல் 'கறகற' என்று கொறிக்கும் சத்தம் எலி. பாம்பு சீறுவது போல நீளமாக மூச்சு விடும் சத்தம் கேட்டுப் பயந்து போய் இரண்டு பேர் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு வீட்டிலும் இருந்தது கூகைக் குஞ்சுகள்.

மரநாயின் நடை கனமானது. இரண்டு கிலோவிலிருந்து ஐந்து கிலோ வரை எடை இருக்கும் பிராணி, தட்டுப் பலகையில் நடந்தால் சின்னக் குழந்தை தவழ்வது போலக் கேட்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு வழி உண்டு. அது வந்து போகும் இடம் என்று நினைக்கும் பலகையிலோ சுவர் விளிம்பிலோ சாயங்காலம் கொஞ்சம் அரிசி மாவைச் சலித்துத் தூவி விடுங்கள். காலையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பூனையின் தடத்தில் நான்கு விரல்தான் பதியும். மரநாய்க்கு ஐந்து விரலும் பதியும், சில இடத்தில் நகக்கீறலும் தெரியும். எங்கள் வீட்டில் மாவில் பதிந்த அந்த ஐந்து விரலைப் பார்த்த பிறகுதான் 'அடுத்த வீட்டுக் கடுவன் பூனை' என்ற பேச்சு நின்றது.

எச்சமும் அடையாளம் சொல்லும். எலிப் புழுக்கை அரிசி மாதிரி சின்னது. மரநாயின் எச்சம் விரல் தடிமனில் இருக்கும், அதில் பழக்கொட்டைகள் முழுசாகக் கிடக்கும். மதில் மேல், முகட்டு ஓட்டின் மேல், தண்ணீர்த் தொட்டி மூடி மேல் என்று உயரமான, திறந்த இடத்தில் எச்சம் போடுவது அதன் வழக்கம்.

மச்சிலிருந்து சோறு வேகும் மணம் வருகிறது. இது என்ன?

இதைக் கேட்பவர்கள் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள், வேறு ஏதோ என்று நினைத்துப் பயந்திருப்பார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. மரநாயின் வால் அடியில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. தன் எல்லையைக் குறிக்க அது அந்த வாசனையைத் தேய்த்துவிட்டுப் போகும். அந்த மணம் பிரியாணிக்குப் போடும் ரம்பை இலையைப் போல, பாசுமதி அரிசி வேகும்போது வருவது போல இருக்கும். எங்கள் வீட்டில் ராத்திரி பதினொன்றரை மணிக்கு அந்த வாசனை வந்து, அடுப்பை அணைக்க மறந்துவிட்டோமோ என்று அம்மா இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தாள். மிரண்டு போனால் அதே பிராணி மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்தையும் விடும், அது வேறு.

இது என்ன பிராணி? நாயா, பூனையா?

பெயரில் நாய் இருந்தாலும் நாய்க் குடும்பம் இல்லை. பூனைக்குத்தான் கொஞ்சம் நெருங்கிய சொந்தம். கல்குளம், விளவங்கோடு பக்கம் மலையாள வழக்கில் மரப்பட்டி என்றும் சொல்வார்கள். சாம்பல் கலந்த கறுப்பு உடம்பு, முதுகில் மங்கலான கோடுகள், முகத்தில் கறுப்புப் பட்டை, கிட்டத்தட்ட உடம்பளவு நீளமான வால். பழம்தான் முக்கியத் தீனி. அதோடு எலி, பல்லி, பூச்சி, நத்தை எல்லாம் தின்னும். பனையில் கட்டிய கலயத்தில் வாய் வைத்துக் குடிக்கும் பழக்கம் உண்டு. அக்கானி (பதநீர்) இறக்கும் பனையேறிகளைக் கேட்டால் விடிய விடிய இதன் கதை சொல்வார்கள்.

புனுகுப்பூனை என்பது வேறு. அது தரையில் நடமாடும், உடம்பில் புள்ளிகள் வரிசையாக இருக்கும், வாலில் வளையங்கள் இருக்கும். மச்சில் ஏறிக் குடியிருப்பது மரநாய்தான். நம் மலைக்காட்டில் பழுப்பு மரநாய் என்று இன்னொன்றும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அது காட்டை விட்டு வீட்டுப் பக்கம் வருவது அபூர்வம்.

ஏன் என் வீட்டை மட்டும் தேடி வருகிறது?

பகலில் தூங்க அதற்கு இருட்டான, உயரமான, ஆள் வராத பொந்து வேண்டும். முன்பு பெரிய அயனி மரங்களிலும் மாமரங்களிலும் பொந்துகள் இருந்தன. அந்த மரங்களை வெட்டி ரப்பர் வைத்தோம். ரப்பர் மரத்தில் பொந்தும் இல்லை, தின்னப் பழமும் இல்லை. அப்புறம் அது எங்கே போகும்? ஓட்டு வீட்டு மச்சு அதற்கு ஒரு பெரிய மரப்பொந்து மாதிரிதான். சுற்றிலும் வாழையும் சக்கையும் (பலா) கொல்லாம்பழமும் (முந்திரி) இருந்தால் இன்னும் சௌகரியம்.

வீட்டோடு கிளை உரசும் மரம், சுவரை ஒட்டிய தென்னை, கூரை மேல் போகும் கேபிள் கம்பி, மழைத்தண்ணீர்க் குழாய், இவைதான் அதற்கு ஏணி. உள்ளே நுழைய ஒரு சிரட்டை அளவு இடைவெளி போதும். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். ஓடு நகர்ந்த இடம், கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) சுவரில் உட்காரும் இடத்தில் விட்ட சந்து, முக்கோணச் சுவரில் காற்றுக்கு விட்ட அழி (இடைவெளி விட்ட தடுப்பு) உடைந்த இடம், இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் வழி இருக்கும்.

யூடியூபில் ரக்கூனை விரட்டும் வழி என்று நிறைய வீடியோ இருக்கிறதே. அதையே செய்யலாமா?

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி மகனும் இதைத்தான் கேட்டான், அவன் வீட்டு மச்சில் ரக்கூன். இரண்டும் ராத்திரியில் நடமாடும், கூரையில் குட்டி போடும் என்பதால் ஒன்று போலத் தோன்றும், ஆனால் உறவு கிடையாது. ரக்கூன் வட அமெரிக்கப் பிராணி, இந்தியக் காட்டில் இல்லை. மரநாயைவிடப் பெரியது, முன்கால் விரல்களால் மூடியைத் திறக்கும், பலகையைப் பெயர்க்கும். அங்கே அது வெறிநோயைப் பரப்பும் முக்கியப் பிராணிகளில் ஒன்று. அதன் எச்சத்தில் இருக்கும் ஒரு உருளைப்புழுவின் முட்டை மனித மூளையைப் பாதிக்கக் கூடியது. அதனால்தான் அந்த வீடியோக்களில் முழு உடையும் முகமூடியுமாக மச்சைச் சுத்தம் செய்கிறார்கள். அந்தப் புழு ரக்கூனோடு வருவது, அதைப் பார்த்து நம் மரநாயைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வெளியே மட்டும் திறக்கும் ஒருவழிக் கதவு. அதைக் கீழே சொல்கிறேன். ரக்கூனுக்குக் குட்டி போடும் காலம் பெரும்பாலும் வசந்தம் என்று அங்கே கணக்கு வைத்து வேலை செய்வார்கள். மரநாய்க்கு அப்படி மாதக் கணக்கு வைக்க முடியாது, எந்த மாதத்திலும் குட்டி இருக்கலாம். குட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் அடைத்தால் என்ன ஆகும் என்பதும் கீழே வருகிறது.

விஷம் வைத்தால் என்ன?

வைக்காதீர்கள். முதல் காரணம் சட்டம். மரநாய் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பிராணி. கொல்வது, பிடிப்பது, வளர்ப்பது எல்லாமே குற்றம். 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பொதுவான மீறலுக்கே மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. 'அது என் வீட்டுக்குள் வந்தது' என்று சொல்லித் தப்ப முடியாது.

இரண்டாவது, விஷம் தின்றது உங்கள் கண் முன்னால் விழுந்து சாகாது. தட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே கை எட்டாத மூலையில் போய்ச் சாகும். ஐந்து கிலோ பிராணி அழுகினால் அந்த வீட்டில் ஒரு மாதம் சாப்பிட முடியாது. தட்டைப் பெயர்க்காமல் எடுக்கவும் முடியாது. கூடவே நாயோ பூனையோ கூகையோ அந்த விஷத்தைத் தின்னும்.

மூன்றாவது எனக்கு முக்கியமான காரணம். அது எலி தின்னுகிற பிராணி. பழத்தைத் தின்று கொட்டையைத் தூரத்தில் கொண்டு போய்ப் போடுகிற பிராணி. கூந்தற்பனையும் அத்தியும் புது இடத்தில் முளைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. நம்மோடு ஒரே பறம்பில் (தோட்டத்தில்) இத்தனை காலம் இருந்திருக்கிறது. சத்தம் போடுகிறது என்பதற்காகக் கொல்லக் கூடாது.

கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட்டால் நல்லதுதானே?

நல்ல மனசோடு கேட்கிற கேள்வி இது. ஆனாலும் நீங்களே செய்யக் கூடாது, பிடிப்பதும் குற்றத்தில் வரும். வனத்துறை மட்டும்தான் செய்யலாம். பேச்சிப்பாறை பக்கமோ கீரிப்பாறை பக்கமோ கொண்டு விட்டால் அது சுகமாக இருக்கும் என்று நினைக்கிறோம். அந்த இடம் ஏற்கெனவே வேறு மரநாயின் எல்லையாக இருக்கும். எங்கே பழம், எங்கே பொந்து என்று புதிதாக வந்ததற்குத் தெரியாது. குட்டி இருந்தால் அது இங்கே மச்சில் பட்டினி கிடந்து சாகும். அதோடு வழி திறந்தே இருந்தால் இரண்டு மாதத்தில் இன்னொன்று வந்து குடியேறும். பிடித்த வேலை வீண்.

குட்டி இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. நாங்கள் தவறு செய்த இடமும் இதுதான்.

எங்கள் வீட்டில் வழியைக் கண்டுபிடித்ததும் நானும் தம்பியும் அன்று ராத்திரியே, அது வெளியே போன பிறகு, பலகை வைத்து ஆணி அடித்துவிட்டோம். நிம்மதியாகப் படுத்தோம். மூன்றரை மணிக்கு மேலே ஓடு உடையும் சத்தம். தாய் திரும்பி வந்து, அடைத்த இடத்தைப் பிறாண்டிப் பார்த்து, முடியாமல் பக்கத்து ஓட்டை இழுத்துக் கீழே தள்ளியிருக்கிறது. உள்ளேயிருந்து மெலிசாக, கோழிக்குஞ்சு கத்துவது போல ஒரு சத்தம். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. விடிந்ததும் ஓட்டு வேலை செய்யும் மூத்த ஆசாரி ஒருவரைக் கூட்டி வந்தோம். அவர் மேலே பார்க்கவே இல்லை, நேராக என்னைப் பார்த்து, "குட்டி வல்லதும் கெடக்கான்னு பாத்தியா மக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

அவர் ஏணி வைத்து ஏறி, தட்டு மூலையில் பழைய சாக்குக்குப் பின்னால் டார்ச் அடித்துக் காட்டினார். மூன்று குட்டிகள். கண் திறந்திருந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சுருண்டு கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு கைக்குள் அடங்கும் அளவு. ஆணியைப் பிடுங்கிப் பலகையை எடுத்துவிட்டு, அன்று முழுக்க நாங்கள் மச்சுப் பக்கமே போகவில்லை. ராத்திரி தாய் வந்தது. அதன் கனமான நடை கேட்டதும் அம்மா அழுதேவிட்டாள்.

ஆகவே, எதை அடைப்பதற்கு முன்னும் ஒரு வாரம் கவனியுங்கள். தாய் வெளியே போயிருக்கும் நேரத்தில், இரவு பத்து மணிக்கு மேல், விளக்கை அணைத்துவிட்டு மச்சுக்குக் கீழே அசையாமல் உட்கார்ந்து கேளுங்கள். கீச்சுச் சத்தம், மெல்லிய உரசல் இருந்தால் குட்டி உண்டு. ராத்திரியில் ஒன்றிரண்டு தடவை நடுவே வந்து போனாலும் குட்டி இருக்கலாம். ஒரு ஈற்றில் இரண்டிலிருந்து ஐந்து வரை போடும். கண் திறக்கப் பத்துப் பதினொரு நாள் ஆகும், பால் மறக்கக் கிட்டத்தட்ட இரண்டு மாதம். மூன்றாவது மாதத்தில் தாயோடு வெளியே நடக்கத் தொடங்கும். குட்டி இருப்பது தெரிந்தால் அந்த மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு வழி சொல்ல எனக்கு மனசு இல்லை.

சரி, குட்டி இல்லை. எப்படி வெளியேற்றுவது?

பகலில் செய்ய வேண்டிய வேலை, ராத்திரி செய்ய வேண்டிய வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பகலில் வீட்டைச் சுற்றி வந்து எல்லாச் சந்துகளையும் பாருங்கள். மச்சுக்குள் நின்று விளக்கை அணைத்தால் வெளிச்சம் வரும் இடமெல்லாம் தெரியும், இதைவிட எளிய சோதனை இல்லை. அது புழங்கும் வழியில் சுவர் அழுக்குப் பிடித்துப் பளபளவென்று இருக்கும், முடி ஒட்டியிருக்கும். அந்த ஒரு வழியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அடையுங்கள். அரை இஞ்ச் கண் உள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) கம்பி வலை நல்லது. பிளாஸ்டிக் வலை, தெர்மாகோல், துணி அடைப்பது எல்லாம் ஒரு ராத்திரி தாங்காது. காற்றுப் போகும் அழிகளைச் சிமெண்ட் பூசி மூடிவிடாதீர்கள். நம் ஊர் மழைக்கு மச்சில் காற்றோட்டம் இல்லாவிட்டால் கழுக்கோல் இற்றுப்போகும். அங்கே உள்பக்கமாக வலை அடித்தால் போதும்.

மிச்சமிருக்கும் அந்த ஒரு வழியில் ஒருவழிக் கதவு மாட்டுங்கள். துவாரத்தைவிட நாலு பக்கமும் இரண்டு இஞ்ச் பெரிதாக ஒரு தகரத் துண்டு, மேல் விளிம்பில் மட்டும் இரண்டு கீல். உள்ளேயிருந்து தள்ளினால் வெளிப்பக்கம் தூக்கிக்கொண்டு திறக்கும், விட்டதும் தானாக விழுந்து மூடும், வெளியிலிருந்து உள்ளே தள்ள முடியாது. அவ்வளவுதான். முதல் நாள் அது சந்தேகப்பட்டுப் போகாமல் இருக்கும், அதற்காகக் கதவைக் கயிறு கட்டித் தூக்கி வைத்து இரண்டு நாள் பழக விடுங்கள். மூன்றாம் நாள் கயிற்றை அவிழ்த்தால் போதும்.

நான்கைந்து நாள் கழித்து, உள்ளே யாரும் இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். கதவின் உள்பக்கம் காய்ந்த வாழைச்சருகைச் சுருட்டிச் செருகி வையுங்கள். மூன்று ராத்திரி அது கலையாமல் இருந்தால் மச்சு காலி. அப்புறம் கதவை எடுத்துவிட்டு வலையோ ஓடோ வைத்து நிரந்தரமாக அடைக்கலாம்.

மழை விடாமல் கொட்டும் ராத்திரியிலும், நிலா பளிச்சென்று காயும் ராத்திரியிலும் எங்கள் வீட்டு மரநாய் தாமதமாகத்தான் கிளம்பியது, சில நாள் கிளம்பவே இல்லை. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பாசி பிடித்த ஓட்டில் ராத்திரி ஏறுவதை எந்த நாளும் செய்யாதீர்கள். மரநாயால் ஆபத்து வந்ததை நான் பார்த்ததில்லை, ஓட்டிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

பாச்சை உருண்டை, மிளகாய்ப் புகை, ரேடியோ, லைட் இதெல்லாம் பலிக்குமா?

பாச்சை உருண்டை வேண்டாம். மரநாய் போகாது, அந்த வாடையைக் கீழே படுக்கும் நீங்கள்தான் சுவாசிப்பீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது நஞ்சு. மிளகாய்ப் புகை போடுவது மரத்தட்டு வீட்டில் தீயை நாமே மூட்டிக் கொடுப்பது. லைட்டும் ரேடியோவும் சில நாள் பலிக்கும். மச்சில் ஒரு பல்பை இரவும் பகலும் எரியவிட்டு, பகலில் பேச்சுச் சத்தம் கேட்கும்படி ரேடியோ வைத்தால் அதன் தூக்கம் கெடும், தானே வேறு இடம் தேடும். ஒருவழிக் கதவோடு சேர்த்துச் செய்தால் நல்லது. அது மட்டும் போதாது.

எங்களுடையது கான்கிரீட் வீடு. மேலே ஷீட் போட்டிருக்கிறோம், உள்ளே பால்ஸ் சீலிங். அதிலும் வருமா?

வரும். மொட்டை மாடிக்கு மேல் தகர ஷீட் போடும்போது சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே ஒரு அடி விடுகிறார்கள், அங்கேதான் நுழைகிறது. அழகுக்காகக் கான்கிரீட் மேல் ஓடு பதித்த வீடுகளிலும் ஓட்டுக்கடியில் இடம் இருந்தால் புகும். பால்ஸ் சீலிங் அதன் எடையைத் தாங்காது, கீழே விழுந்த சம்பவமும் உண்டு. அடைக்கும் முறை ஒன்றுதான். ஒயரைக் கடித்துவிடும் என்று பயப்படுகிறார்கள். மரநாய் கொறிக்கும் பிராணி இல்லை. ஒயர் கடிபட்டிருந்தால் அது எலி வேலை, அதைத் தனியாகப் பாருங்கள்.

வாழைக்குலையையும் கோழியையும் எப்படிக் காப்பது?

மட்டி வாழையும் செவ்வாழையும் பழுக்கத் தொடங்கும் முன் குலைக்குச் சாக்கு சுற்றிக் கட்டுங்கள், அல்லது பழுக்கும் முன்பே வெட்டி வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். கீழே விழுந்த சக்கை, மாம்பழம், கொல்லாம்பழத்தைச் சாயங்காலத்துக்குள் பொறுக்கிவிடுங்கள். பூனைக்கு வைத்த சோற்றை ராத்திரி வெளியே விடாதீர்கள். வீட்டை ஒட்டிய தென்னையில் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டடி அகலத்துக்கு வழுக்கும் தகரம் சுற்றினால் ஏற முடியாது, எலிக்கும் அதுவே தடுப்பு. கிளைகளைக் கூரையிலிருந்து ஆறடியாவது தள்ளி இருக்கும்படி கழியுங்கள். கோழிக்கூட்டுக்கு மேல் மூடியும் வேண்டும், சுற்றுவலை மட்டும் போதாது. கொக்கியைக் கம்பியால் கட்டுங்கள். மின்வேலி போடுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அதில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

எச்சத்தை எப்படிச் சுத்தம் செய்வது?

காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கக் கூடாது, தூசி பறந்து மூக்கில் ஏறும். முகக்கவசம், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவிடுங்கள். அள்ளி எடுத்துக் குழி தோண்டிப் புதையுங்கள். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவித் துடைத்த பிறகுதான் பிளீச்சிங் பவுடர் கரைசல். மூத்திரம் தோய்ந்த இடத்தில் நேராக பிளீச்சிங் ஊற்றினால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயு கிளம்பும், மூடிய மச்சில் அது ஆபத்து. ஜன்னல் எல்லாம் திறந்து வையுங்கள். எலி மூத்திரமும் அங்கே இருக்கும் என்பதால் கையில் காலில் புண் உள்ளவர்கள் இந்த வேலைக்குப் போக வேண்டாம், எலிக்காய்ச்சல் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல.

வாசனை ஊறிய சாக்கு, பழைய பாய், வைக்கோல் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். வாசனை மிச்சம் இருந்தால் மறுபடி அங்கேயே வரப் பார்க்கும்.

கடித்துவிட்டால்?

தானாகத் துரத்திக் கடிக்காது. மூலையில் மடக்கினால் கடிக்கும். கடித்தாலும் பிறாண்டினாலும் உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுங்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள் என்று வரும், ஒன்றையும் விடக் கூடாது. இரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டும், டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். வெறிநோய் வந்த பிறகு மருந்து கிடையாது.

குட்டி கீழே விழுந்து கிடக்கிறது. என்ன செய்ய?

வெறும் கையால் தொடாதீர்கள். தடித்த துணியால் எடுத்து, பழைய துணி விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து, அது விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நாய் எட்டாத உயரத்தில் வையுங்கள். மூடியைத் திறந்து விடுங்கள். பசும்பால் கொடுக்காதீர்கள், வயிறு கெட்டுச் செத்துப்போகலாம். இருட்டிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் போங்கள். தாய் பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். காலையிலும் அங்கேயே இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மாவட்ட வன அலுவலகம் நாகர்கோவிலில் இருக்கிறது. வேளிமலை, குலசேகரம், களியல், பூதப்பாண்டி, அழகியபாண்டிபுரம் என்று வனச்சரகங்கள் இருக்கின்றன, உங்களுக்குப் பக்கத்தில் இருப்பதைக் கேட்டு எண்ணை முன்கூட்டியே போனில் போட்டு வையுங்கள். அழகாக இருக்கிறது என்று வளர்க்க நினைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், வளர்ப்பதும் குற்றம்தான்.

அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடலாமா?

ஆள் படுக்காத மச்சு, தட்டு பலமானது, கோழி வளர்க்கவில்லை என்றால் விடலாம். எங்கள் பெரியம்மா வீட்டில் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள். எச்சத்தை மட்டும் மாதம் ஒரு முறை சுத்தம் செய்கிறார்கள். எலித் தொல்லை குறைந்தது என்கிறார் பெரியம்மா.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மூச்சுத்தொல்லை இருப்பதால் விட முடியவில்லை. குட்டிகள் வளர்ந்து தாயோடு இறங்கிப் போகும் வரை காத்திருந்து, பிறகு ஒருவழிக் கதவு மாட்டினோம். தோட்டத்து மூலையில் வெட்டுவதாக இருந்த பழைய மாமரத்தை அப்படியே விட்டுவிட்டோம், அதில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பொந்து இருக்கிறது. இந்தச் சித்திரையில் அந்த மரத்தடி மதில் மேல் பழக்கொட்டைகள் கலந்த எச்சம் கிடந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இங்கதான் கெடக்கு போல" என்று சொல்லிவிட்டு வாசல் பெருக்கப் போனாள்.